மூச்சு வாங்கும் வரலாறு

மலையேறும்போது அண்ணனுக்கு மூச்சு வாங்காது. வரலாறுதான் வரும்.

லேடாங் மலை 1,276 மீட்டர். ஜாசினில் கார் ஏறும்போதே, "தோட்டத்துல காண்டா போட்டுப் பால் தூக்கினவன், தம்பி, நான். இதெல்லாம் ஒரு மலையா?" என்பார். காலில் பால் வெட்டுக்காரர்கள் போடும் அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து, 'அடிடாஸ் கம்போங்'. முதல் கயிற்றைப் பிடித்து நாலு எட்டு வைத்ததும் நின்றுவிடுவார். நெஞ்சு ஏறி இறங்கும்.

"இந்த மலை இளவரசியை சுல்தான் மாமூட் பொண்ணு கேட்டு ஆள் அனுப்பினாரு, தெரியும்ல?"

தெரியும். மலாக்காவில் தெரியாத பிள்ளை கிடையாது. 2004-ல் படமே வந்துவிட்டது. ஒரேயடியாகச் சொல்லித் தொலைத்தாலும் பரவாயில்லை, தவணை முறையில் சொல்வார். அவள் மலாக்காவிலிருந்து மலைவரை தங்கப் பாலம் கேட்டது முதல் ஏற்றத்தில். வெள்ளிப் பாலம் அடுத்த பாறையில். ஏழு தாம்பாளம் கொசு இருதயம் ஏணியின் பாதியில்! கீழே எட்டுப் பேர் தொங்கிக்கொண்டிருப்பார்கள். "அண்ணே, மேல போய்ச் சொல்லுங்க" என்றால், "இருப்பா, கண்ணீர்த் தாழி பாக்கியிருக்கு" என்பார். அந்தத் தாழியை நாங்களே நிரப்பிவிடுவோம்.

இளவரசி தீர்ந்தால் வாலஸ். 1854-ல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இங்கே ஏறியபோது, தாகம் தாங்காமல் கெண்டிச்செடிக்குள் பூச்சி மிதந்த தண்ணீரைக் குடித்தாராம். அதைச் சொல்லிக்கொண்டே என் பாட்டிலைக் காலி பண்ணுவார். மூடியைத் திருகும் விரல்கள் நடுங்கும். நான் கவனிப்பதைக் கவனித்துவிட்டால் போச்சு, 1511-ல் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிவிடுவார்கள்.

பாவம், வளர்ந்த விதம் அப்படி. தோட்டத்தில் விடியாத நேரத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றுகொண்டு 'முடியவில்லை' என்றால் அன்றைய சம்பளம் போச்சு. காய்ச்சலோடு பால் வெட்டப் போன அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர்.

சரி. ஆனால் அந்தப் பெரட்டுக் களம் செம்பனையாகி எத்தனையோ காலமாயிற்று. இப்போது யாருக்குப் பயம்? வயது 58, பிரஷரும் இனிப்பு நீரும் கூடவே வருகின்றன. "அஞ்சு நிமிசம் உட்காரலாம்" என்றால் யார் சிரிக்கப் போகிறார்கள்? அவர் உட்கார மாட்டாரா என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மயங்கி விழுந்தால் அந்த ஏணியில் இவரை இறக்குவது யார்? இதைக் கதை என்று சிரிக்க என்னால் முடியவில்லை. கோபம்தான் வருகிறது.

அடுத்து ரெம்பாவ் பக்கம் குனோங் டத்தோ போகலாம் என்கிறார். உச்சிப் பாறையில் ஹங் துவாவின் காலடி பதிந்திருக்கிறதாம்.

"மாத்திரை போட்டீங்களாண்ணே?" என்றேன்.

அதற்கு மட்டும் அவரிடம் கதை இல்லை.