எஸ்டிமேட் எழுதிய கைக்கு ஒரு பொன்னாடை

புலவருக்கும் அமைச்சருக்கும் ஓய்வுபெறும் அதிகாரிக்கும் போர்த்தியது போதும். பழைய கார் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்தார் எல்லோரும் சேர்ந்து பொன்னாடை போர்த்த வேண்டியவர் இன்னும் ஒருவர் இருக்கிறார். கண்ணாடிக் கதவு போட்ட குளிர் அறையில், கையில் டேப்லெட்டுடன், பட்டறைக்கும் நமக்கும் நடுவே நிற்கும் சர்வீஸ் அட்வைசர் அவர். ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட்டை நீட்டிவிட்டு, "வேற எங்கயும் காட்டாதீங்க சார், குழப்பிவிட்டுடுவாங்க" என்று அன்போடு தடுத்தாட்கொள்ளும் அந்தப் பெருந்தகைக்கு இந்தப் பாராட்டு மடல்.

ஐயா, முதலில் தங்கள் கண்ணைப் போற்றுகிறோம். தெருமுனை மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார். காது கொடுத்துக் கேட்கிறார். குழிக்குள் இறங்கி, ஒவ்வொரு மூட்டையும் கையால் அசைத்துப் பார்த்த பிறகே வாயைத் திறக்கிறார். தாங்களோ பானெட்டைக்கூடத் திறப்பதில்லை. ஓடோமீட்டர் 80,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் அதுவே தங்களுக்குப் போதும். "கிளட்ச் போயிருக்கும் சார்" என்று சொல்லிவிடுகிறீர்கள். கை பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியரில் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி கிளட்ச் பெடலை மெல்ல விட்டால், பிடிப்புள்ள கிளட்ச் இன்ஜினை அணைத்துவிடும். தேய்ந்துபோன கிளட்ச் என்றால் வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இதைச் செய்து காட்ட அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்தி, அதற்கு ஈடாக எங்கள் ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளும் கருணை வேறு யாருக்கு வரும்?

அடுத்து, தங்கள் ஸ்கேனர். வண்டியில் செருகியதும் பி0420 என்று ஓர் எண் வருகிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரிவர வேலை செய்யவில்லையோ என்று வண்டியின் கணினி சந்தேகப்படுகிறது என்பதுதான் அதன் பொருள். சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும் அந்த எண் வரலாம். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிருந்தாலும் வரலாம். எங்கிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. தாங்கள் அதைத் தீர்ப்பாகவே வாசித்து, சந்தேகத்துக்குரியவற்றில் விலை மிகுந்ததையே தேர்ந்தெடுக்கிறீர்கள். "மெஷினே சொல்லுது சார்" என்று திரையைத் திருப்பிக் காட்டும்போது, எதிர்க்கேள்வி கேட்க யாருக்கு நா எழும்?

ஏசிக்குத் தாங்கள் செய்யும் சேவையும் சொல்லித் தீராது. காரின் ஏசி மூடிய சுற்று. அதில் கேஸ் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் அந்த வண்டி அடுத்த கோடையில் தங்களைத் தேடி வராது. அதனால் தாங்கள் கசிவைத் தொந்தரவு செய்யாமல், ஒவ்வொரு சித்திரையிலும் கேஸ் மட்டும் நிரப்பி எங்களோடு உறவு பேணுகிறீர்கள்.

தங்கள் சொல்வன்மையைப் பாராட்டாமல் விட்டால் இந்த மடல் நிறைவடையாது. "அது தனியா வராது சார், அசெம்பிளியாத்தான் வரும்." "செட்டாத்தான் மாத்தணும்." "குடும்பத்தோட போறீங்க, உளுந்தூர்பேட்டை தாண்டி நடுராத்திரியில நின்னுட்டா யாரு வருவா?" ஒரு பெண் தனியாக வண்டியைக் கொண்டு வந்தால் கடைசி வரி இன்னும் மென்மையாக, இன்னும் தாழ்ந்த குரலில் வருகிறது. பிள்ளைகளின் முகத்தை நினைத்துக்கொண்டே அவர் கையெழுத்துப் போடுகிறார். அக்கறையை இவ்வளவு லாபகரமாக வெளிப்படுத்தத் தங்களால்தான் முடியும்.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தங்கள் அருள் கிடைத்தபோது நான் உடன் இருந்தேன். இரண்டாம் கையாக வாங்கிய சின்ன கார். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் இடதுபுறத்தில் 'டக் டக்' என்று சத்தம். "ஸ்டீயரிங் ரேக் போயிடுச்சு மேடம். எப்ப வேணும்னாலும் லாக் ஆகலாம்" என்றார் அட்வைசர். எஸ்டிமேட் 46,000 ரூபாய். பாகம் வர ஒரு வாரமாகும் என்றும் சொன்னார். பிறகு சாவியை அவர் கையிலேயே கொடுத்து, "அதுவரைக்கும் ஓட்டிட்டிருங்க மேடம்" என்று வழியனுப்பினார். எப்போது வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளும் ஸ்டீயரிங்குடன் அறுபத்தைந்து வயதுப் பெண்மணியை அண்ணா சாலை நெரிசலுக்குள் அனுப்பும் துணிவு சாதாரணமானதன்று. சொன்னதைத் தாமே நம்பாதவருக்குத்தான் அது வாய்க்கும்.

டீச்சர் மறுநாள் பெரம்பூர்ப் பக்கம் ஒரு சந்திலிருந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனார். ரேக் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "ஸ்பீட் பிரேக்கர்ல சத்தம் வருதுப்பா, என்னன்னு பாரு. பாக்குறதுக்குத் தனியா காசு தந்துடறேன்" என்றார். மெக்கானிக் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்தார். திரும்பிய சக்கரத்துக்குப் பின்னால் விரல் பருமனில் ஒரு கம்பி தெரிந்தது. அதுதான் லிங்க் ராட். "இந்த முனையில கைய வைங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, முன்பக்க மட்கார்டை அழுத்தி அழுத்தி விடும்படி பட்டறைப் பையனிடம் சொன்னார். வண்டி ஒவ்வொரு முறை ஆடியபோதும் அந்த மூட்டு டீச்சரின் உள்ளங்கையில் 'டக்' என்று தட்டியது. வலதுபக்கத்திலும் அதே இடத்தில் கை வைக்கச் சொன்னார். அங்கே அமைதி. பிறகு ரேக்கின் முனையிலும் டீச்சரைக் கை வைக்கச் சொல்லிவிட்டு, ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கும்படி பையனிடம் சொன்னார். "இதுல ஆட்டமே இல்ல டீச்சர்" என்றார். உதிரிபாகக் கடைகள் உள்ள ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் லிங்க் ராட் வாங்கிவரச் சொல்லி மாட்டினார். கூலியும் பார்வைக்கூலியும் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. சத்தம் நின்றது. கழற்றிய பழைய லிங்க் ராடுகளைச் செய்தித்தாளில் சுற்றி டீச்சரிடமே கொடுத்தார். ஐயா, நாற்பத்து ஆறாயிரம் ரூபாய்க்குத் தாங்கள் கண்ட நோய், ஓர் ஆசிரியையின் உள்ளங்கைக்குத் தட்டுப்படவில்லை. அவ்வளவு நுண்ணியது தங்கள் ஞானம்.

தங்கள் மரபுக்குக் கடல் கடந்த பெருமையும் உண்டு. 1992இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில நுகர்வோர் துறை, சியர்ஸ் நிறுவனத்தின் கார் பழுதுபார்க்கும் மையங்கள் தேவையில்லாத வேலைகளைச் செய்து பணம் வாங்குவதாகக் குற்றம் சாட்டியது. துறையின் ஆட்களே வாடிக்கையாளர்போல் கார்களைக் கொண்டுபோய்ச் சோதித்திருந்தார்கள். தோண்டியபோது அடியில் கிடந்தது கமிஷனும் விற்பனை இலக்கும். விற்ற பாகத்துக்கு ஏற்பக் காசு என்று வைத்துவிட்டால், நல்ல பாகமும் கெட்டதாகத் தெரியத் தொடங்கும். அமெரிக்காவே கண்டு அதிர்ந்த அந்த ஏற்பாட்டை, 'மன்த்லி டார்கெட்' என்ற பெயரில் இங்கே கட்டிக் காப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பொன்னாடை தங்கள் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இருபத்து நான்கு வயதில் டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்த தங்களிடம், "இந்த மாசம் வண்டிக்கு இத்தனை வரணும்" என்று சொல்லி, அதை எட்டாவிட்டால் காலைக் கூட்டத்தில் எழுந்து நிற்க வைக்கும் மேலாளருக்கும் முதலாளிக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

தங்கள் பெருந்தன்மைக்கு ஓர் எல்லையும் உண்டு என்பதை விபத்தில் அடிபட்ட வண்டி வரும்போதுதான் கண்டோம். காப்பீட்டு நிறுவனம் தங்கள் எஸ்டிமேட்டை அப்படியே ஏற்றுப் பணம் கொடுப்பதில்லை. சர்வேயரை அனுப்புகிறது. அவர் வந்து, "இது மாத்த வேண்டாம், டிங்கரிங் போதும்", "இது இந்த விபத்துல வந்த சேதம் இல்ல" என்று வரிவரியாக அடிக்கிறார். தாங்கள் முகம் சுளிப்பதில்லை. காப்பி வரவழைத்துக் கொடுக்கிறீர்கள். அந்த வண்டியின் சொந்தக்காரரே மறுமாதம் தம் பையிலிருந்து செலவழிக்க வரும்போது, "ஒரு தடவை வேற எடத்துல காட்டிட்டு வர்றேன்" என்றால் மட்டும், "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று மனம் புண்படுகிறீர்கள். கோடிகளில் புரளும் நிறுவனம் இரண்டாவது கண் வைத்தால் அது நடைமுறை. பென்ஷன்காரர் வைத்தால் அது அவமரியாதை. இந்தப் பாகுபாட்டைத் தாங்கள் காட்டியதால்தான் எங்களுக்குக் கண் திறந்தது.

வண்டியைப் பிரித்துப்போட்ட பிறகு எஸ்டிமேட் சொல்லும் உத்தியும் தங்களுடையதே. "இன்ஜினைத் திறந்துட்டோம் சார், இப்ப எடுத்துட்டுப் போகணும்னா டோ பண்ணித்தான் போகணும்." கேட்டவர் வாயடைத்துப்போகிறார். அதற்கும் இசையாதவருக்கு இன்னொரு வழி வைத்திருக்கிறீர்கள். "இவ்வளவு செலவு பண்றதுக்கு வண்டிய வித்துடலாமே சார்? நம்மகிட்டயே எக்ஸ்சேஞ்ச் இருக்கு." பழுதுபார்க்கும் மேசையில் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த அதே கார், விற்பனைப் பகுதிக்கு நகர்ந்ததும் 'குட் கண்டிஷன்' பலகை மாட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் நடந்த வைத்தியம் பெரும்பாலும் பாலிஷ் மட்டுமே.

தாங்கள் கற்றுத்தந்த பாடங்களையும் நன்றியோடு சொல்லிவிடுகிறோம். பெரிய செலவு என்றால், எதையும் கழற்றுவதற்கு முன்பே வேறொருவரிடம் காட்ட வேண்டும். அவரிடம் முதல் ஆளின் தீர்ப்பைச் சொல்லக் கூடாது; சத்தம், புகை, இழுவை, எந்த வேகத்தில், எந்த நேரத்தில் என்று அறிகுறியை மட்டும் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு என்று தனிக் கூலி கொடுத்துவிட வேண்டும். வேலை கிடைத்தால்தான் காசு என்று இருக்கும்வரை அவரும் தங்களைப் போலவே ஆகிவிடக்கூடும். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்க வேண்டும். அதில் பாகத்தின் பெயரும் எண்ணும் விலையும் தனி, கூலி தனி என்றிருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். "ஸ்கிராப்ல போட்டுட்டாங்க சார்" என்ற பதில் வராமலிருக்க, வேலை தொடங்கும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

"பில் இல்லாம முடிச்சுடலாம், ஜிஎஸ்டி மிச்சம்" என்று தாங்கள் காட்டும் சலுகையையும் இனிப் பணிவோடு மறுப்போம். பில் இல்லையென்றால் வேலைக்கு வாரண்டி இல்லை. நாளை வழக்குப் போடக் கையில் காகிதமும் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைச் சொல்லலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமும் கிடையாது. இவ்வளவையும் நாங்கள் தேடிப் படிக்கக் காரணமானவர் தாங்கள்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தாங்கள் சொன்னது சரியாக இருக்கும் நாளும் உண்டு. டைமிங் பெல்ட்டுக்குக் கெடு முடிந்துவிட்டது என்றால் மாற்றத்தான் வேண்டும். பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வுகள் வளைந்து, செலவு பல மடங்காகும். பிரேக் பேட் தேய்ந்து தகடாகிவிட்டது என்றால் இரண்டாவது கருத்துக்காக ஊர் சுற்றக் கூடாது. மலிவாகச் சொல்கிறவரெல்லாம் உத்தமர் என்றும் இல்லை. நாம் கேட்க விரும்புவதைச் சொல்லி அனுப்பும் மெக்கானிக்கும் ஆபத்தானவரே. இரண்டாவது ஆளும் தங்கள் சொல்லையே சொன்னால், அந்த 46,000 ரூபாயையும் மனநிம்மதியோடு கொடுக்கலாம். அந்த நிம்மதிக்குத் தாங்கள் குறுக்கே நிற்பதுதான் எங்கள் நெஞ்சை அறுக்கிறது. உண்மையைச் சொன்ன நாளிலும் தங்களை நம்ப முடியாதபடி, மற்ற நாட்களில் அவ்வளவு உழைத்திருக்கிறீர்கள்.

இந்தப் புகழ்மாலை கழுத்தை உறுத்துகிறது என்றால் கழற்றிப் போட வழி உண்டு. வண்டியை லிஃப்டில் ஏற்றி, சொந்தக்காரரைக் கீழே அழைத்து, ஆடும் மூட்டில் அவர் கையை எடுத்து வையுங்கள். இதைச் சோதித்தேன், இது தெரிந்தது, ஆகவே இதை மாற்ற வேண்டும் என்று அந்த வரிசையிலேயே சொல்லுங்கள். "சந்தேகமா இருந்தா வேற எடத்துலயும் காட்டிட்டு வாங்க சார்" என்று அவர் கேட்பதற்கு முன் தாங்களே சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவரின் பட்டறையைத் தேடி, ஊரின் மறுகோடியிலிருந்தும் வண்டி ஓட்டிக்கொண்டு வருவோம். சொன்ன தொகையைப் பேரம் பேசாமல் எண்ணி வைப்போம்.