கைலி காயும் ரயில் பாதை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகன் ஒருவன் ஜப்பானில் இருக்கிறானே, அவனைப் பற்றிய கடிதம் இது. எழுதுவதும் அவன்தான். வரிக்கு வரி 'நான், நான்' என்று எழுதினால் "வெளிநாடு போனதும் பெருமை தாங்கவில்லை" என்று சித்தி சொல்லிவிடுவார் என்ற பயத்தில் தன்னையே 'அவன்' என்று எழுதுகிறான்.

அவன் வீடு மாறிவிட்டான். டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தெற்கே போனால் காமகுரா என்ற கடலோர ஊர். அங்கிருந்து ஃபுஜிசாவாவுக்கு எனோடென் என்று ஒரு வண்டி ஓடுகிறது. மொத்தப் பாதையே 10 கிலோமீட்டர்தான். அதற்குள் 15 ஸ்டேஷன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முப்பத்துச் சொச்சம் நிமிடம். உங்கள் ரயில்வே காலத்து கூட்ஸ் வண்டி கூட இதை முந்தியிருக்கும். 1902ல் முதல் துண்டைத் திறந்து, 1910ல்தான் காமகுரா வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர்; நம் பழைய மீட்டர் கேஜுக்கு மேல் நாலு விரல். ஒற்றைப் பாதை என்பதால் எதிர் வண்டிக்குக் கிராசிங் போட்டுக் காத்து நிற்கும். அப்போதெல்லாம் அவனுக்கு, பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு டீ ஆற்றும் உங்கள் ஞாபகம்.

இந்தப் பாதையோரத்தில் வீடு காட்டிய தரகர் "கடல் தெரியும், ரயில் தெரியும்" என்றார். கடல் தெரிவது உண்மைதான். எதிரே இருக்கும் இரண்டு வீடுகளின் இடுக்கில் கைக்குட்டை அளவுக்கு நீலமாகத் தெரிகிறது, அதுவும் குளியலறை ஜன்னலில் எக்கி நின்றால். ரயிலைப் பற்றித்தான் மனிதர் குறைத்துச் சொல்லிவிட்டார். பால்கனியில் நின்று, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரிடம் மணி கேட்கலாம்.

இது அவன் வீட்டுக்கு மட்டும் வாய்த்த பாக்கியம் இல்லை. இந்தப் பாதை நெடுக வீட்டுக் கொல்லைகளுக்கு நடுவில்தான் வண்டி நுழைந்து போகிறது. சில வீடுகளுக்கும் கடைகளுக்கும் வாசலே தண்டவாளத்தைப் பார்த்துதான். கோஷிகோயே ஸ்டேஷனுக்கும் எனோஷிமாவுக்கும் நடுவில் இன்னும் வேடிக்கை: வண்டி நேராகக் கடைத்தெருவில் இறங்கிவிடும். கார்கள் மரியாதையாக ஒதுங்கி நிற்கும். பச்சையும் கிரீமுமாக இரண்டு பெட்டி, கூட்டம் சேர்ந்தால் நான்கு பெட்டி, திருவிழா முடிந்து திரும்பும் சப்பரம் மாதிரி அசைந்து அசைந்து வரும்.

ஜப்பானில் ரயில் பைத்தியத்துக்கு உட்பிரிவுகள் உண்டு, சித்தப்பா. படம் எடுப்பவர் டோரிடெட்சு. ஏறிப் போவதையே தவமாகச் செய்பவர் நோரிடெட்சு. சத்தத்தைப் பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்பவர் ஓட்டோடெட்சு. இதில் முதல் பிரிவினர்தான் அவன் வாழ்க்கையில் குறுக்கிட்டவர்கள். குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சித்தி கொடுத்தனுப்பிய நீலக் கட்டம் போட்ட கைலியைத் துவைத்துப் பால்கனிக் கம்பியில் போட்டான். திரும்பிப் பார்த்தால் கீழே ஆறு பேர், ஆளுக்கொரு கேமரா முக்காலியுடன். வளைவில் வண்டி திரும்ப, ஆறு கேமராவும் ஒரே நேரத்தில் கிளிக். முன்னால் எனோடென், பின்னால் கைலி. எத்தனை ஆல்பத்தில் அது படபடத்துக்கொண்டிருக்கிறதோ! காட்சி பார்க்க ஆசைப்பட்டு வாடகைக்கு வந்தவன் காட்சிக்கு உள்ளேயே மாட்டிக்கொண்டான்.

நிஜக் கூட்டம் காமகுராகோகோமாயே ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே கேட்டில். 'ஸ்லாம் டங்க்' என்ற கூடைப்பந்துக் கார்ட்டூன் தொடர் 1993ல் டி.வி.யில் வந்தபோது அதன் முகப்புப் பாட்டில் இந்த கேட்டும் பின்னால் கடலும் வந்தன. அன்றைக்கு அதைப் பார்த்த பிள்ளைகள் இன்று பல நாடுகளிலிருந்து தங்கள் பிள்ளைகளோடு வந்து, வண்டி கடக்கும் அந்தச் சில நொடிக்காகக் காத்து நிற்கிறார்கள். விடுமுறையில் உள்ளூர்க்காரர்கள் தங்கள் வண்டியிலேயே ஏற முடியாமல் போக, 2017 மே மாத விடுமுறையில் நகராட்சி ஒரு சோதனை செய்தது: இந்தப் பாதையோரம் குடியிருப்பவர் என்று சான்றிதழ் காட்டினால் காமகுரா ஸ்டேஷனில் வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம். நம் ஊர் கோயில் சிறப்பு தரிசனம் போல, ஆனால் அதற்கென்று தனி டிக்கெட் கிடையாது, குடியிருப்பதே தகுதி.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வேறு கவலை. பல வருஷங்களாக வண்டி 12 நிமிடத்துக்கு ஒன்று. மணிக்கு ஐந்து வண்டி என்பதால் காலையில் எந்த நிமிடமோ மாலையிலும் அதே நிமிடம். கடிகாரமே பார்க்காமல் அரிசியை உலையில் போடுவாராம். 2023 மார்ச்சில் அது 14 நிமிடமாகிவிட்டது. 14ஐ அறுபதில் அடைக்க முடியுமா? பாட்டியின் மனப்பாடம் வீணாயிற்று. இப்போது அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார்.

சுகங்களும் உண்டு. குளிர்கால விடியலில் ஷிச்சிரிகஹாமா கடற்கரைப் பக்கம் போனால் கடலுக்கு அப்பால் ஃபுஜி மலை வெள்ளைத் தொப்பியோடு தெரியும். கோடையில் அப்படி ஒரு மலை இருப்பதற்கான அடையாளமே இருக்காது. இந்தக் கடலில் பிடிக்கும் ஷிராசு என்ற பொடி மீனைச் சோற்றின் மேல் குவித்துத் தருகிறார்கள். பெயர்தான் பெரிசு; நம் நெத்திலி, மத்தி வகையறாவின் குஞ்சு. குழம்பு வைக்கக் கேட்டான். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து அவித்ததையே வாங்கி வந்தான். உப்புக் காற்றில் சைக்கிள் செயின் ஆறே மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. கடற்கரையில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தான். பருந்து ஒன்று பின்னாலிருந்து வந்து கையிலிருந்தே பறித்துக்கொண்டு போயிற்று. பருந்து பற்றிய எச்சரிக்கைப் பலகையில் சாய்ந்துகொண்டுதான் அவன் உட்கார்ந்திருந்தான் என்பதைச் சித்தியிடம் சொல்ல வேண்டாம்.

நாளாக நாளாக அவன் வண்டியைப் பார்ப்பதே குறைந்துவிட்டது. கேட்பதோடு சரி. முதலில் கேட் மணி, பிறகு தண்டவாளம் முனகும், அப்புறம் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுப் பேசும், கடைசியில்தான் வண்டி. அகிரா குரோசாவா 1963ல் எடுத்த 'சொர்க்கமும் நரகமும்' படத்தில் ஒரு பிள்ளையைக் கடத்திவிடுவார்கள். கடத்தியவன் போனில் பேசியது ஒலிநாடாவில் இருக்கும். அதில் பின்னணியில் ஏதோ வண்டிச் சத்தம். போலீஸ் அதை ஒரு ரயில்வே ஊழியருக்குப் போட்டுக் காட்ட, அவர் கேட்டதுமே எனோடென் என்று அடையாளம் சொல்லிவிடுவார். துப்புத் துலங்கிவிடும். அந்தக் காட்சியைப் பார்த்தபோது, திண்ணையில் படுத்துக்கொண்டே "இது லேட்டா வர பாசஞ்சர்" என்று கண்ணைத் திறக்காமல் சொல்லும் ஒருவரை அவனுக்குத் தெரியும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையடித்தான்.

போன வாரம் போனில் "என்னடா, பின்னால எக்ஸ்பிரஸா?" என்று கேட்டீர்கள். அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டான். அது இரண்டு பெட்டி எனோடென்தான், சித்தப்பா.

சித்தியிடம் சொல்லி இன்னும் இரண்டு கைலி அனுப்பச் சொல்லுங்கள். நீலக் கட்டம் வேண்டாம். பச்சை வண்டிக்கு எடுப்பாக மஞ்சளில் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
அவன்தான்