புல்லுக்கும் பெட்ரோல்!

கேள்வி: லண்டனில் 10 ராடு அலாட்மெண்ட் தோட்டம் கிடைத்திருக்கிறது. இடுப்பளவு புல். பெட்ரோல் ஸ்ட்ரிம்மர் வாங்கலாமா?

பதில்: தாராளமாக! 10 ராடு என்றால் சுமார் 250 சதுர மீட்டர் இடம். பிளக் பாயிண்டும் அநேகமாக இருக்காது. புல்லுக்கு நைலான் கயிறு, முட்புதருக்கு இரும்பு பிளேடு என இரண்டும் பொருத்தக்கூடியதாகப் பாருங்கள். தோள்வார் இல்லாததை வாங்கினால், மிச்சமாகும் பணம் முதுகு வைத்தியருக்கு. டூ-ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். பல மாடல்களில் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் (50:1), ஆனால் கையேடு சொல்வதே வேதவாக்கு. ஆயிலை நீங்கள் மறந்தாலும் பிஸ்டன் மறக்காது. 2021 முதல் அங்கே சாதாரண பெட்ரோல் என்றால் எத்தனால் கலந்த இ10. எத்தனால் ஈரத்தை இழுத்து கார்புரேட்டரைக் கெடுக்கும். குளிர்காலத்துக்கு முன் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தெறிக்கும் கல்லுக்குத் தோட்டக்காரர், உரிமையாளர் என்ற பேதமெல்லாம் தெரியாது!