எண்ணத் தெரிந்தவர்கள்

என் சித்தப்பா மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கே வராது. பட்டுக்கோட்டையில் பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதினான். மூன்று முறையும் மற்ற பாடங்கள் கையைக் கொடுக்க, கணக்கு மட்டும் காலை வாரியது. ஏஜெண்டுக்குக் கொடுக்க அரை மா நிலத்தை அடமானம் வைத்துச் சிங்கப்பூருக்குப் போனான். இன்றைக்கும் அங்கேதான் கம்பி கட்டுகிறான். அப்படிப்பட்டவனை இரண்டே வருஷத்தில் கணக்கில் புலியாக்கிக் காட்டியது கொரோனாக் காலத்துச் சிங்கப்பூர். நம் வாத்தியார் பிரம்பு வைத்துக்கொண்டு முடியாததை அவர்கள் ஒரு கோட்டைப் போட்டு முடித்தார்கள். அந்த நன்றிக்கடனுக்காகத்தான் இந்த வாழ்த்து.

கூட்டல் கழித்தல் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்டின் தனித்திறமை வகுத்தல்.

2020 பிப்ரவரியில், ஒரு நோயாளியையும் விடாமல் தேடிப் பிடிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸே சிங்கப்பூரை மெச்சினார். மெச்சாமல் என்ன செய்வார்? யார் எந்த டாக்சியில் ஏறினார், எந்தக் கோயிலுக்குப் போனார் என்பதுவரை அவர்களிடம் குறிப்பு இருந்தது. அறைக்குப் பன்னிரண்டு பேர், இருபது பேர் என்று மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் இரண்டடுக்குக் கட்டிலில் படுத்திருக்கும் விடுதிகள் மட்டும் அந்தக் குறிப்பில் அவ்வளவாகப் பெரிய எழுத்தில் இல்லை. மார்ச் 23ஆம் தேதி, வெளிநாட்டு ஊழியர்களுக்காக வேலை செய்யும் டி.டபிள்யூ.சி.2 அமைப்பு, விடுதிகளில் நோய் பரவும் ஆபத்து இருக்கிறது என்று ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதமே எழுதியது. கடிதத்தைப் படித்துவிட்டுப் பதறியடித்துக்கொண்டு கட்டிலைப் பிரித்துப் போடுகிற சின்னத்தனம் எங்கும் நடக்கவில்லை. நிதானம் என்றால் அது நிதானம்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 5ஆம் தேதி இரண்டு பெரிய விடுதிகளைப் பூட்டினார்கள். உள்ளே ஏறக்குறைய 20,000 பேர்.

அங்கே தொடங்கியது வகுத்தல். தினமும் மாலையில் எண்ணிக்கை வரும். சமூகத்தில் இத்தனை, தங்குவிடுதிகளில் இத்தனை என்று இரண்டு பத்தி. ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் 1,426 பேர். அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 16 பேர். 1,426 என்றால் ஊர் பதறும். 16 என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒரே நாள், ஒரே தீவு. சமூகம் என்றால் என்ன என்று படித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சுகாதார அமைச்சகம் ஒரு கோட்டில் பதில் சொல்லிவிட்டது: சமூகத்தின் வீட்டைக் கட்டுகிறவன், சமூகத்தின் புல்லை வெட்டுகிறவன், சமூகத்தின் கப்பலைச் சுரண்டி வண்ணம் அடிக்கிறவன், இவர்கள் நீங்கலான மிச்சம்தான் சமூகம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொத்தனார் கட்டிய வீட்டில் கொத்தனார் எங்கே குடியிருக்கிறார்?

“அண்ணே, சமூகத்துல இன்னைக்கு எத்தனை, எங்கள்ல எத்தனைன்னு டெய்லி பாக்குறேண்ணே. வர வர கிரிக்கெட் ஸ்கோரு மாதிரி ஆயிருச்சு. நாங்கதான் அடிச்சு ஆடுறோம்” என்றான் தம்பி. கழித்தல் போடாதவன் கழித்தல் போட ஆரம்பித்துவிட்டான்.

அடுத்தது பரப்பளவுக் கணக்கு. அப்போதைய விதிப்படி ஒரு தொழிலாளிக்கு 4.5 சதுர மீட்டர். நம் கணக்கில் 48 சதுர அடி. சமையல் இடம், சாப்பிடும் இடம், கழிப்பறை எல்லாவற்றிலும் அவன் பங்கைக் கூட்டித்தான் இந்த 48. வெளியே கடை வாசலிலும் ரயிலடியிலும் ஒரு மீட்டர் இடைவெளிக்குத் தரையில் நாடா ஒட்டியிருந்தார்கள். நெருங்கி நின்றால் அபராதம். விடுதிக்குள் மேல் கட்டிலுக்கும் கீழ்க் கட்டிலுக்கும் நடுவில் எத்தனை மீட்டர் என்று அளந்து பார்த்தவர் யாரும் உண்டா என்று தெரியவில்லை. இடைவெளி என்பது படுக்கைவாட்டில் மட்டும்தான், செங்குத்தாகக் கிடையாது என்று கிருமிக்கும் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. சுற்றறிக்கை என்றால் அங்கே எல்லோரும் கட்டுப்படுவார்கள். கிருமி மட்டும் மீறிவிட்டது.

சமையலறைகளை மூடிவிட்டு மூன்று வேளையும் கேட்டரிங் சாப்பாடு கொடுத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, இலவசம். முதல் சில வாரங்கள் அவன் விடுதிக்கு வந்த சாம்பாரைப் பற்றிக் கேட்டேன். “அதுல ஒரு நல்லது இருக்குண்ணே. வீட்டு ஞாபகமே வராது.” ஊர் நினைப்பில் ஏங்கிக் கிடக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து எந்த மனநல மருத்துவரிடம் கிடைக்கும்?

உடம்புச் சூட்டை நாளைக்கு இரண்டு தடவை கைப்பேசிச் செயலியில் பதிய வேண்டும். இன்னொரு செயலியில் பச்சை எரிந்தால் வேலைக்குப் போகலாம், சிவப்பு எரிந்தால் கட்டிலுக்குத் திரும்பலாம். பதினான்கு நாளைக்கு ஒரு முறை மூக்கில் குச்சி. “பெத்த அம்மா இப்படித் தொட்டுத் தொட்டுப் பாத்ததில்லைண்ணே” என்றான். உண்மைதானே. பச்சை எரிந்தவர்களை லாரியின் பின்தட்டில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அங்கே காற்றோட்டத்துக்குக் குறைவே இல்லை.

அவன் அறையில் இருந்த சிவகங்கைக்காரருக்குத் தொற்று வந்தது. நடு ராத்திரியில் பையைக் கட்டச் சொல்லிக் கூட்டிப் போனார்கள். குணமானவுடன் கொண்டுபோய்ச் சொகுசுக் கப்பலில் தங்கவைத்தார்கள். கதையல்ல, சுற்றுலாக் கப்பல்களைத் துறையில் கட்டிப்போட்டு, தேறியவர்களை அதில் வைத்திருந்தது அரசாங்கம். மனிதர் வாழ்நாளில் முதல் தடவையாகக் கப்பலில் ஏறினார். அது நகரவில்லை, அவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பரில், எந்த ஊருக்கும் போகாமல் கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பும் உல்லாசப் பயணங்களைச் சமூகத்துக்காகத் தொடங்கினார்கள். அந்தக் கப்பல் நகர்ந்தது.

பணக் கணக்கிலும் குற்றம் சொல்ல முடியாது. வயது வந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 600 வெள்ளி கொடுத்தார்கள். தொழிலாளியையும் மறக்கவில்லை, அவன் தலைக்கு 750 வெள்ளி. அவர்களைவிட 150 கூட! அதை வாங்கிக்கொள்கிற சிரமத்தை மட்டும் அவனுக்கு வைக்காமல், வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வையில் கழிவு என்ற பெயரில் நேரே அவரிடம் சேர்த்தார்கள். முதலாளி அதை வைத்து இவனைப் பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. தம்பியின் முதலாளி ஓவர்டைம் இல்லாத அடிப்படைச் சம்பளத்தைக் கொடுத்து நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் நாடாளுமன்றத்தில் நியமன உறுப்பினர் ஒருவர், இந்தத் தொழிலாளர்களிடம் மன்னிப்புக் கேட்பீர்களா என்று கேட்டுவிட்டார். மே 4ஆம் தேதி. மனிதவள அமைச்சர் ஜோசஃபின் டியோ பொறுமையாகப் பதில் சொன்னார்: தொழிலாளர்களோடு அடிக்கடி பேசுகிறேன், மன்னிப்புக் கேளுங்கள் என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை என்று. எத்தனை நுட்பமான பண்பாடு! கேட்காத பொருளைக் கையில் திணிப்பது மரியாதையா? வேலைப் பெர்மிட்டை நீட்டிப்பதா ரத்து செய்வதா என்று முடிவு செய்கிற அமைச்சகத்தின் அமைச்சர் எதிரே நிற்கும்போது, மன்னிப்பைக் கேட்டு வாங்க மறந்துபோனது முழுக்க முழுக்கத் தொழிலாளியின் கவனக்குறைவு.

ஒன்றை மட்டும் நேராகவே சொல்லிவிடுகிறேன். வைத்தியத்துக்கு அவர்களிடம் காசு வாங்கவில்லை. விடுதிகளில் நோயால் இறந்தவர்கள் மிக மிகக் குறைவு. இளவயது ஒரு காரணம், நல்ல மருத்துவம் இன்னொரு காரணம். அதனால்தான் மற்றதைப் பேசத் தம்பி இருக்கிறான், எழுத நான் இருக்கிறேன்.

டிசம்பரில் இறுதிக் கணக்கு வந்தது. விடுதிகளில் பரிசோதனையில் பிடிபட்டவர்கள் 54,505 பேர். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில், யாருக்கும் தெரியாமலே நோய் வந்து போனவர்கள் இன்னும் 98,289 பேர். மொத்தம் நூற்றுக்கு 47. ஒருவரையும் விடாமல் தேடிப் பிடிக்கிறார்கள் என்று டெட்ரோஸ் சொன்னது வீண்போகவில்லை. கொஞ்சம் தாமதமாகப் பிடித்தார்கள், அவ்வளவுதான். தம்பி இரண்டாவது எண்ணிக்கையில் இருந்தான். “நான் பாஸாயிட்டேண்ணே” என்றான்.

அடுத்த வீட்டை மட்டும் வாழ்த்தினால் நம் வீட்டார் முகம் சுளிப்பார்கள். நம்முடைய அரசாங்கமும் கணக்கில் இளைத்ததல்ல.

2020 மார்ச் 19ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. 22ஆம் தேதி முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானம் எதுவும் இந்தியாவில் இறங்கக் கூடாது, ஒரு வாரத்துக்கு. அந்த ஒரு வாரம் 2022 மார்ச் 27ஆம் தேதி முடிந்தது. வழக்கமான சேவை அன்றைக்குத்தான் திரும்பியது. இவ்வளவு நீளமான வாரத்தைப் பஞ்சாங்கக்காரர்களாலும் கணித்துத் தர முடியாது. வேகத்திலும் நாம் முந்திதான். மலேசியா, பிலிப்பைன்ஸ் விமானங்களுக்கு மார்ச் 17ஆம் தேதி அந்த நிமிஷமே தடை என்றார்கள். மணிலாவிலிருந்து கிளம்பிய மருத்துவ மாணவர்கள் கோலாலம்பூரில் விமானம் மாற இறங்கியிருந்தார்கள். இறங்கிய இடத்திலேயே இருக்க வேண்டியதாயிற்று. ஊருக்கும் போக முடியாமல் கல்லூரிக்கும் திரும்ப முடியாமல் விமான நிலையத் தரையில் படுத்துக்கிடந்து, பிறகு தனி ஏற்பாட்டில் வந்து சேர்ந்தார்கள். படிப்பில் கிடைக்காத அனுபவம்.

மே 7ஆம் தேதி வந்தே பாரத் திட்டம் தொடங்கியது. தாய்நாடு பிள்ளைகளை அழைத்துக்கொள்கிறது என்று தொலைக்காட்சியில் பார்த்துக் கண்கலங்காதவர் இல்லை. தாய் அழைத்தாள், டிக்கெட்டைப் பிள்ளை எடுத்துக்கொண்டான். அமெரிக்காவிலிருந்து சுமார் ஒரு லட்சம், லண்டனிலிருந்து ஐம்பதாயிரம், துபாயிலிருந்து பதின்மூன்று பதினைந்தாயிரம். ஏறுவதற்கு முன்னால், இந்தப் பயணத்தை என் சொந்தப் பொறுப்பில்தான் மேற்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இறங்கியதும் தனிமைப்படுத்தல், அதுவும் சொந்தச் செலவில். வேலை போனவன் எங்கே போவான் என்று கேட்காதீர்கள். பாஸ்போர்ட்டுக்கும் மற்ற காரியங்களுக்கும் வெளிநாட்டு இந்தியர் கட்டும் கட்டணத்தில் கொஞ்சம் எடுத்துச் சேர்த்து, ஆபத்துக் காலத்தில் அவர்களுக்கு உதவவென்று இந்திய சமூக நல நிதி ஒன்று 2009 முதல் இருக்கிறது. அதிலிருந்து டிக்கெட் கொடுங்கள் என்று சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உண்டியலில் போட்ட காசைத் திரும்பக் கேட்கிற பக்தர்களை எங்கே கண்டிருக்கிறோம்!

தம்பியும் தூதரகப் படிவத்தை நிரப்பினான். கர்ப்பிணிகள், முதியவர்கள், வேலை இழந்தவர்கள், விசா முடிந்தவர்கள் என்று முன்னுரிமை வரிசை. இவனுக்கு வேலை இருக்கிறது, செய்யத்தான் விடவில்லை. பெர்மிட் இருக்கிறது, வாசலைத் தாண்டத்தான் முடியவில்லை. ஆக எந்த வரிசையிலும் அவன் இல்லை. அங்கே சமூகத்தில் இல்லை, இங்கே பட்டியலில் இல்லை.

ஆனால் ஒரு பேரேட்டில் மட்டும் ஒரு நாளும் அவன் பெயர் விடுபடவில்லை. 2020ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணம் 23 சதவீதம் குறையும் என்று ஏப்ரலில் உலக வங்கி கணித்தது. வருஷம் முடிந்து பார்த்தால் 8,300 கோடி டாலர் வந்து சேர்ந்திருந்தது. முந்தைய ஆண்டைவிட 0.2 சதவீதம்தான் குறைவு. கட்டிலில் சிவப்பு விளக்கோடு கிடந்தவர்கள், நகராத கப்பலில் இருந்தவர்கள், ஓவர்டைம் போனவர்கள் எல்லோரும் சேர்ந்து உலக வங்கியைப் பொய்யாக்கினார்கள். தம்பி மாதா மாதம் அனுப்பினான். சித்தி வங்கிக்குப் போய் எடுத்துவந்தால், பக்கத்து வீட்டம்மா தள்ளி நின்று கேட்டாராம்: “சிங்கப்பூர்லேர்ந்து வந்த பணமாச்சே, வெயில்ல வச்சு எடுத்தியா?”

வாழ்த்தை முடிப்பதற்கு முன்னால் கடைசிக் கணக்கு. 2020 டிசம்பரில் தன் நாட்டைத் தானே சுற்றிப் பார்க்கச் சொல்லி ஒவ்வொரு வயதுவந்த குடிமகனுக்கும் 100 வெள்ளிக்கு உல்லாசப் பயணச் சீட்டு கொடுத்தது சிங்கப்பூர் அரசாங்கம். தொழிலாளர்கள் அப்போது வேலைக்கும், விடுதிக்கும், அவர்களுக்கென்று ஒதுக்கிய பொழுதுபோக்கு மையத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக, தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேரைச் சில மணி நேரம் வெளியே விட்டார்கள். மூன்று லட்சத்தை ஐந்நூறால் வகுத்தால் எத்தனை வாரம் என்று தம்பி எனக்கு மனக்கணக்காகச் சொன்னான். 600 வாரம், பதினோரு வருஷத்துக்கு மேல். கணக்கில் மூன்று முறை போனவன்!

அவ்வளவு காத்திருக்க விடவில்லை, எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அவன் முறையும் வந்தது. நம்மவர்கள் கூடும் லிட்டில் இந்தியாவான தேக்காவுக்குப் போய், வாழை இலையில் ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டான். எப்படிடா இருக்கு என்றேன். “கூட்டமா இருக்குண்ணே” என்றான்.

2022 ஜூன் 24ஆம் தேதியிலிருந்து வெளியே போக அனுமதிச்சீட்டு வேண்டாம் என்று அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாளும் மட்டும் நான்கு இடங்களுக்குச் சீட்டு வேண்டும் என்றார்கள். அதில் ஒன்று தேக்கா. தம்பிக்கு வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை.