ஒரகடம் தொழில் தடத்தில் முதற்படகு: பழைய பாய்மரப் படகு கொள்ளல் குறித்த ஓர் உசாவல்

1. ஆய்வின் தேவை

இப்பொருள் பற்றி இதுவரை யாரும் ஆராயவில்லை. ஆகவே ஆராய வேண்டியிருக்கிறது. ஏன் யாரும் ஆராயவில்லை என்று கேட்பது ஆய்வு நெறிக்குப் புறம்பு. தவிர, பதவி உயர்வுக்கு இக்கட்டுரையாளருக்கு ஒரு கட்டுரை குறைகிறது.

2. ஆய்வுக் களம்

வடக்கே இருங்காட்டுக்கோட்டை, கிழக்கே படப்பை, தெற்கே சிங்கப்பெருமாள் கோவில், மேற்கே வாலாஜாபாத். இந்நான்கெல்லைக்குள் 1998 முதல் கார் செய்கிறார்கள். பின்னர் லாரி, பஸ், மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, பெயின்ட், செல்போன் என்று பெருகி, வல்லம் வடகாலில் விமானப் பாகங்களுக்கென்று ஒரு பூங்காவும் வந்துவிட்டது. நிலத்தில் ஓடுவதற்கும் வானில் பறப்பதற்கும் பொருள் செய்யும் இத்தடத்தில் படகுக்கென்று பேர்போன ஆலை ஒன்றில்லை. இதன் காரணத்தைக் களத்தில் உசாவியபோது, “கடல் இங்க இல்லையே சார்” என்ற விடை கிடைத்தது (ஒரகடம் கூட்டு ரோடு டீக்கடை, தெற்கு பெஞ்சு). விடை மிகவும் எளிமையாக இருப்பதால் ஏற்பதற்கில்லை.

3. முன்னோடிகள்

கடலில்லாத ஊருக்குப் படகு வருவது புதிதன்று. 1863இல் கொடைக்கானலில் ஏரி வெட்டிய லெவிஞ்சு துரை, முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்தார் என்பர். ஏழாயிரம் அடி ஏறிய படகுக்கு ஒரகடம் மேம்பாலம் ஒரு பொருட்டன்று. ஐதராபாத்தில் ஊர் நடுவே உசேன் சாகர் ஏரியில் பாய்மரப் பந்தயமே நடக்கிறது. சென்னையிலோ துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு மார்ச்சில் அதே துறைமுக அலுவலகத்தில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில், சீனிவாச இராமானுசன் என்னும் குமாஸ்தா சேர்ந்தார். அச்சம்பளத்தில் பழைய படகு வாங்க முடியுமா என்று அவர் கணக்கிட்டதாக அவருடைய நோட்டுப் புத்தகங்களில் குறிப்பில்லை. “குறிப்பில்லை” என்ற ஒரு சொல்லை எழுதுவதற்காக அவற்றை முழுவதும் புரட்டினோம். ஒரு வரியும் புரியவில்லை.

4. நீர்நிலைகள்

4.1 கடல். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். ஆனால் இக்கரையில் அலை உடையும் விதம் பொல்லாதது. துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். அவை அலையடித்தால் நெளிந்து கொடுக்கும், ஆணி அடித்த படகு பிளந்துவிடும். அந்த அலைக்குள் முதற்படகைத் தள்ளுவதைவிட, துறைமுகத்து மதிலுக்குள்ளோ கழிமுகத்திலோ பழகுவது எலும்புக்கு நல்லது.

4.2 செம்பரம்பாக்கம். முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னை மாநகரம் குடிக்கும் தண்ணீரில் பொழுதுபோக்குக்காகப் பாய் விரிக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதும் துணிச்சல் இக்கட்டுரையாளருக்கு இல்லை.

4.3 மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை இவ்வூரில் தோற்கடித்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. இதே மன்னன் மானவர்மனுக்கு உதவியாக இலங்கைக்குக் கப்பற்படை அனுப்பியதைச் சூளவம்சம் சொல்கிறது. மணிமங்கலத்தில் ஏரி இருப்பதைப் பேருந்திலிருந்தே காணலாம். போரில் வென்றவனிடம் கப்பல் இருந்தது. போர் நடந்த ஊரில் ஏரி இருந்தது. ஆகவே ஏரியில் கப்பல் இருந்தது. இல்லை என்பார், இல்லாமைக்குச் சான்று தருக. இந்த முறையில் முனைவர் பட்டம் வாங்கியோர் உளர். பெயர் சொன்னால் என் கட்டுரையை மதிப்பிட ஆளிருக்காது.

4.4 தெரு. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியது. பாய்மரத்துக்கு இத்தெருக்கள் ஆகா. மேலே மின்கம்பி.

5. காற்று

வாடை ஐப்பசியில் மழையோடு வரும். கோடையில் கடற்காற்று நண்பகல் வாக்கில் கரையில் கிளம்பி மெல்ல உள்நாட்டுக்கு நகரும், ஒரகடத்தை அது எட்டுவதற்குள் முதல் ஷிஃப்ட் முடிந்துவிடும். இடையே ஆடிக்காற்று. ஆடியில் புதுப் பொருள் வாங்கலாகாது என்று பெரியோர் விலக்குவர், ஆடித் தள்ளுபடியில் வாங்கு என்று கடைக்காரர் விதிப்பர். பழைய படகு புதுப் பொருளா என்பதில் தருமசாத்திரங்கள் மௌனம் சாதிக்கின்றன.

6. படகின் வகை

6.1 ஆப்டிமிஸ்ட். 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை, பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு. பி.எஃப். கணக்கு தொடங்கிவிட்டவர்கள் அடுத்த பத்திக்குச் செல்க.

6.2 பெரியவர்களுக்கான படகுகளை மேலைநாட்டார் பாயின் பரப்பு, அடிப்பகுதியின் வடிவம், ஏறும் ஆட்களின் எண்ணிக்கை என்று பிரிப்பர். ஸ்ரீபெரும்புதூரில் உட்கார்ந்துகொண்டு அப்படிப் பிரிப்பது ஊருக்கு இழுக்கு. 1017இல் இராமானுசர் பிறந்த மண் இது. அவர் வழிவந்தோர் இரண்டாகப் பிரிந்தபோது எழுந்த கேள்விதான் படகு வாங்குபவனின் கேள்வியும்: நான் கரையேற என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா? வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டினர். தாய் தாவும், குட்டிதான் இறுகப் பற்ற வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டினர். குட்டி சும்மா கிடக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும். ஆகவே உலகிலுள்ள சிறு பாய்மரப் படகுகள் இரண்டே வகை. இதற்கு உடன்படாத படகுகளை ஆய்வு எல்லையிலிருந்து நீக்கியிருக்கிறோம்.

6.2.1 பூனை. சான்று: ஜி.பி. 14. 4.27 மீட்டர் நீளம், உடல் மட்டும் 133 கிலோ. அகலம், கனம், பொறுமை. குடும்பத்தோடு உட்காரலாம், ஒருவர் சட்டென்று எழுந்து நின்றாலும் உடனே பழிவாங்காது. தண்ணீரில் அது உங்களைச் சுமக்கும். கரையில் நீங்கள் அதைச் சுமக்க வேண்டும், அதற்கு நாலு பேர் வேண்டும்.

6.2.2 குரங்கு. சான்று: லேசர். கனடாக்காரர் புரூஸ் கிர்பி வரைந்தது. 4.2 மீட்டர் நீளம், 59 கிலோ, 7.06 சதுர மீட்டரில் ஒரே பாய், ஒரே ஆள். 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இதன் சிறிய பாய் கொண்ட வகையில்தான் சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவுக்குப் போனார். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். எங்கே செய்தாலும் ஒரே அளவில் செய்யப்படுவதால் ஒரு படகின் சுக்கான் இன்னொன்றுக்குப் பொருந்தும். பழையதை வாங்குபவனுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. ஆனால் காற்று ஏறும்போது விளிம்பில் உட்கார்ந்து, நடுவிலுள்ள பட்டையில் பாதங்களைக் கோத்து, உடம்பை வெளியே சாய்க்க வேண்டும். பற்றாதவன் நீரில்.

6.2.2.1 இதுவரை ஆய்வு சீராகச் சென்றது. இங்கேதான் இடர்ப்பாடு. திடீரென்று ஒரு வீச்சுக் காற்று வருகிறது. பயந்த புதியவன் குரங்குக்குட்டியாகவே மாறிப் பாயின் கயிற்றை இன்னும் இறுகப் பிடிக்கிறான். பாய் காற்றை முழுவதும் வாங்குகிறது, படகு கவிழ்கிறது. தேர்ந்தவன் கயிற்றை விட்டுவிடுகிறான். பாய் படபடத்து வெறுமையாகிறது, படகு நிமிர்கிறது. அதாவது, குரங்கு நியாயப் படகில் பிழைக்கும் வழி பிடியை விடுவது. சரணாகதி! பல நூற்றாண்டு விவாதம் 59 கிலோ படகில் கவிழ்ந்துபோனது.

6.2.2.1.1 இச்சிக்கலுக்கு மூன்று தீர்வுகள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவது, லேசரைப் பூனை வகைக்கு மாற்றிவிடலாம் என்பது. இது ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் மதிய உணவுக்குப் பின் வாசிக்கப்பட்டதால் யாரும் மறுக்கவில்லை. (பன்னாட்டு என்றது, அமைப்பாளரின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்ததால்.) இரண்டாவது, காற்றே வீசாத நாளில் ஓட்டுவது. மூன்றாவதே இக்கட்டுரையாளர் கொள்வது: கால் பட்டையைப் பற்ற வேண்டும், கை கயிற்றை விட வேண்டும், எனவே லேசர் ஓட்டுபவன் இடுப்புக்குக் கீழே வடகலை, இடுப்புக்கு மேலே தென்கலை (தெற்கு பெஞ்சு, திருத்திய பதிப்பு, சர்க்கரை கம்மி, மழைக்காக பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்ட நிலையில்). கவிழ்ந்த பிறகு, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைமேல் ஏறி நின்று படகை நிமிர்த்துகிறார்களே, அது எந்தக் கலை என்பார்க்கு, “பொழைக்கிற கலை” என்பது விடை (ஷிஃப்ட் பஸ் உரைக்கோவை, ஜன்னலோர ஏடு, வாலாஜாபாத் முதல் படப்பை வரை. உரையாசிரியர் படப்பையில் உறங்கிவிட்டதால் வண்டலூர்ப் படலம் கிடைக்கவில்லை. டிரைவர் பாடபேதத்தில் “பொழைக்கத் தெரிஞ்ச” என்று காணப்படுகிறது. ஹாரன் ஒலியால் சிதைந்த ஓரிரு அசைகளை நாமே நிரப்பியுள்ளோம்.) பாயில் எந்த நாமம் சாத்துவது என்ற வினாவை, காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருப்பதால், எழுப்பாமல் விடுகிறோம்.

6.3 என்டர்பிரைஸ். இரண்டு பாய், இரண்டு ஆள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஓட்டலாமா என்பது குடும்ப நீதிமன்றத்தின் ஆய்வுக்குரியது.

7. தட்டுதல்

பழைய ஃபைபர் படகு வெளியே பளபளக்கும், உள்ளே கெட்டிருக்கும். அடுக்குகள் பிரிந்திருக்கலாம், நுரை தண்ணீர் குடித்திருக்கலாம். அறியும் வழி தட்டுதல். நல்ல இடம் ‘டிக்’ என்று நறுக்காகப் பேசும், பிரிந்த இடம் ‘தொப்’ என்று மழுப்பும். எதனால் தட்டுவது என்பதில் இரு பள்ளிகள். நாணயப் பள்ளியார் பழைய கனத்த ஐந்து ரூபாயைக் கொள்வர், புதியதை இலேசு என்று தள்ளுவர். விரல்மொட்டுப் பள்ளியார், காசால் தட்டுபவனுக்கு விலை ஏறும் என்று எச்சரிப்பர். இருசாராரும் ஒருவர் கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டுவதில்லை. படிப்பதுமில்லை.

தட்டியபின் எடைபோடுக. 59 கிலோ படகு 70 காட்டினால் மிச்சம் தண்ணீர். பாய்மரம் செருகும் குழாயில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு டீ குடித்து வருக. மட்டம் இறங்கியிருந்தால் குழாயின் அடி விரிசல் விட்டிருக்கிறது. ஓடும்போது பாய்மரம் அந்த இடத்தில்தான் முறுக்கிக்கொண்டு நிற்கும் என்பதால், அப்படகை வணங்கி விடைபெறுக. பாயைக் கசக்கிப் பார்க்கவும். புது ரூபாய் நோட்டைப் போலச் சரசரத்தால் ஆயுள் உண்டு.

கார் ஆலையில், கையுறை போட்ட கையால் தகட்டைத் தடவியே கண்ணுக்குத் தெரியாத குழியைச் சொல்லிவிடும் ஆட்கள் இத்தடத்தில் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை அழைத்துப் போனால் இந்தப் பகுதி முழுவதுமே தேவையில்லை. அவர் ஐ.டி.ஐ. படித்தவராதலால் மேற்கோள் காட்ட இயலாது. அவர் சொன்னதைக் கருத்தரங்கில் நாம் சொல்லிப் பொன்னாடையை நாம் போர்த்திக்கொள்ளும் மரபு ஒன்று உண்டு. அதையே பின்பற்றியுள்ளோம்.

8. நிறுத்துமிடம்

வாடகை அறையில் எட்டுப் பேர் படுக்கிறார்கள். பதினான்கு அடிப் படகை எங்கே கிடத்துவது? களப்பணியில் பதிவான உரையாடல் பின்வருமாறு.

“தம்பி, பைக்குக்கே எடமில்ல. இது கரண்ட் இழுக்குமா?”

“இல்லம்மா, காத்துல ஓடும்.”

“அப்ப மாடியில போட்டுக்க. தண்ணி டேங்க்ல மட்டும் எறக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

மாடியில் கவிழ்த்து வைத்து, இரண்டு இடங்களில் கயிறு கட்டுக. நிமிர்த்தி வைத்தால் கார்த்திகை மழையில் கொசு வளரும். கட்டாமல் வைத்தால் புயலில் படகு உங்களை விட்டுவிட்டுத் தனியாகப் புறப்படும்.

9. விலை

கேட்டதில் பாதியிலிருந்து தொடங்குக.

10. மேலாய்வுக்கான இடைவெளிகள்

1025இல் முதலாம் இராசேந்திரன் கடாரத்துக்கு அனுப்பிய கப்பல்களில் எத்தனை பாய், எத்தனை துடுப்பு என்று அடித்துக்கொள்ளும் அறிஞர்களில் எத்தனை பேர் முட்டுக்காட்டில் கால்மிதி படகிலாவது ஏறியிருக்கிறார்கள் என்ற கணக்கெடுப்பு அவசரத் தேவை. நிதி கிடைத்தால் செய்யலாம். வாங்குபவருக்கு நீச்சல் தெரியுமா, லைஃப் ஜாக்கெட் உண்டா ஆகியவை இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே அமைவதால் அடுத்த ஆய்வாளருக்கு விடப்படுகின்றன. அவர் சற்று விரைந்து எழுதினால் உதவியாக இருக்கும். படகு ஞாயிற்றுக்கிழமை வருகிறது.