முன்மொழிய இருவர், ஓட்டு ஒன்று

ஆந்திராவின் கார்வேட்டிநகரத்துப் பையன்கள் இரண்டு ஜோடிச் செருப்பைக் கழற்றிப் போட்டால் கோல் போஸ்ட் தயார். பந்து முள்ளுக்குள் போனால் கடைசியாக உதைத்தவன்தான் எடுத்து வரவேண்டும். இந்த விதிக்குத் திருத்தம், துணைக்குழு, வழக்கு எதுவும் கிடையாது. ஆகவே இதை நிர்வாகம் என்று சொல்ல முடியாது.

நிர்வாகம் என்றால் டெல்லி. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தில் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் இழுத்துக்கொண்டே போக, 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு நிர்வாகக் குழுவை அமர்த்தியது. மூன்றாம் தரப்பின் தலையீடு என்று ஃபிஃபா ஆகஸ்டில் இந்தியாவையே தடை செய்தது. அந்த மாதமே தடை நீங்கியும்விட்டது. ஆனால் அதற்குள், ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கிவிட்ட கோகுலம் கேரளா பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். நாற்காலிச் சண்டை யாருக்கோ, சிவப்பு அட்டை இவர்களுக்கு.

செப்டம்பர் 2-இல் தேர்தல். மாநிலச் சங்கத்துக்குத் தலா ஒரு ஓட்டு. கிளப்புக்கு அப்போது ஓட்டு இல்லை, பந்து வாங்குகிற செலவு மட்டும் இருந்தது. முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியா தலைவர் பதவிக்கு நின்றார். முன்மொழிந்தவர் எங்கள் ஆந்திரப் பிரதிநிதி, வழிமொழிந்தவர் ராஜஸ்தான்காரர். எதிரே முன்னாள் கோல்கீப்பரும் பாஜககாரருமான கல்யாண் சௌபே. எண்ணி முடித்தார்கள்: சௌபே 33, பூட்டியா 1.

ரகசிய வாக்கெடுப்பாயிற்றே, ஆஃப்சைடு போனவர் யாரென்று கொடி தூக்க ஆளில்லை. அந்த ஒன்று ஆந்திர ஓட்டுதான் என்று மாநிலப் பற்றோடு நான் நம்பிக்கொள்கிறேன். ராஜஸ்தானிலும் யாராவது அப்படியே நம்பிக்கொண்டிருக்கலாம்.