டக் என்றால் போதும்

கேள்வி: பங்க்குக்குள் நுழையும்போதெல்லாம் மூடி இடப்பக்கமா, வலப்பக்கமா என்று குழப்பம். நினைவில் வைக்க வழி சொல்லுங்கள். (கரூர்)

பதில்: நினைவில் வைக்கவே வேண்டாம். பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் பம்ப் படம் இருக்கிறதல்லவா, அதை ஒட்டிய சின்ன முக்கோணம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் மூடி. 1986இல் ஃபோர்டு நிறுவனத்தின் இன்ஜினியர் ஜிம் மொய்லன், மழையில் பம்புக்குத் தவறான பக்கம் வண்டியை நிறுத்தி நனைந்த பிறகு எழுதிக் கொடுத்த யோசனை அது. இன்று பெரும்பாலான கார்களில் இருக்கிறது. பம்ப் படத்தில் குழாய் தொங்கும் பக்கம்தான் மூடி என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். குழாயை எந்தப் பக்கமும் வரைவார்கள்.

கேள்வி: லிவரை இழுத்தாலும் மூடி திறக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பலாமா? (தேனி)

பதில்: கூடாது, பெயின்ட்தான் போகும். ஒருவர் லிவரை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் வெளியே நின்று மூடியின் ஓரத்தை லேசாக அழுத்தி விட்டால் பெரும்பாலும் திறந்துவிடும். அழுத்தித் திறக்கும் வகையென்றால் காரின் எல்லாக் கதவுகளும் அன்லாக் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். டிரைவர் கதவு மட்டும் திறந்திருந்தால் சில கார்களில் இந்த மூடி பூட்டியே இருக்கும். அதற்கும் மசியவில்லையென்றால் டிக்கியில் அந்தப் பக்கத்து உள்தட்டியின் பின்னால் அவசரத்துக்கு இழுக்கும் கயிறு பல கார்களில் உண்டு. கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள்.

கேள்வி: ஃபுல் டேங்க் கேட்டால் பம்ப் தானாக நின்றுவிடுகிறது. பிறகு பங்க் பையன் ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் போடுகிறார். நல்லதுதானே? (நாமக்கல்)

பதில்: நல்லதில்லை. இதை இந்தப் பகுதியில் எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறையும் சொல்வேன். நாசிலின் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. பெட்ரோல் பாயும் வேகம் அந்தத் துளை வழியே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் மட்டம் ஏறித் துளையை மூடியதும் காற்று நின்று, உள்ளே உண்டாகும் இழுவிசை விசையை விடுவித்துவிடும். கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. வெறும் காற்றை வைத்துச் செய்த அருமையான வேலை. அது ‘டக்’ என்று நிற்பது, டேங்கில் காலியிடம் விட வேண்டிய மட்டம் வந்துவிட்டது என்பதற்காக. பெட்ரோல் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு விரியும். பூமிக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து வந்த 40 லிட்டர், சித்திரை வெயிலில் நிற்கும் காரில் பத்து டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 400 மில்லி கூடுதலாகும். குண்டானின் விளிம்பு வரை பாலை ஊற்றி யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லையே! அந்த இடத்தை விட்டுத்தான் டேங்கைச் செய்கிறார்கள். நாம் அதை ரவுண்டு எண்ணுக்காக அடைக்கிறோம்.

இதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. இன்றைய பெட்ரோல் கார்களில் மூடி மூடியிருக்கும்போது டேங்கின் ஆவி வெளியே போகாது. கரி நிரப்பிய ஒரு டப்பாவுக்குப் போய்த் தங்கி, வண்டி ஓடும்போது இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிகிறது. அந்தக் கரி ஆவியைத்தான் தாங்கும். கழுத்து வரை நிரப்பினால் பெட்ரோலே அங்கே போய்ச் சேரலாம். நனைந்த கரி வீண், டப்பாவையே மாற்ற வேண்டி வரும். “சில்லறை கொடுக்க வசதிக்காகத்தானே ரவுண்டு?” என்று கேட்பீர்கள். போனில் பைசா வரை அனுப்பும் காலத்தில் அந்தக் காரணம் போய்விட்டது. ரவுண்டுதான் வேண்டுமென்றால், ‘ஆயிரத்துக்குப் போடுங்க’ என்று முதலிலேயே சொல்லுங்கள், அது டேங்க் நிரம்பும் முன்பே நின்றுவிடும். “37 லிட்டர் டேங்கில் 38 லிட்டர் பிடித்ததாக பில் வந்ததே, ஏமாற்றுதானே?” என்றும் சிலர் கேட்கிறார்கள். அது மட்டுமே ஏமாற்றுக்குச் சாட்சி ஆகாது. கையேட்டில் இருப்பது காலியிடத்தையும் கழுத்துக் குழாயையும் சேர்க்காத கணக்கு. ரவுண்டாக்க ஊற்றியது அங்கேதான் போயிருக்கிறது. சந்தேகம் தீரவில்லையென்றால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலன் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்கிறது, அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி: மூடியைத் திருகும்போது ‘உஸ்’ என்று சத்தம். வெடிக்குமா? (வேலூர்)

பதில்: வெடிக்காது, அடைபட்ட ஆவி வெளியேறுகிறது, பாதி திருகிச் சத்தம் அடங்கிய பிறகு முழுதாகக் கழற்றுங்கள்.

கேள்வி: மூடியைத் திறந்ததும் வருகிற பெட்ரோல் வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். (மன்னார்குடி)

பதில்: பலருக்கும் பிடிக்கும், சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாசனையில் பென்சீனும் இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த பொருள் அது. பிஎஸ்-6 விதியும் பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. நீங்கள் அதைச் சுவாசிப்பது மாதத்தில் சில நிமிடங்கள். நாசிலைப் பிடித்து நிற்பவர் ஒரு ஷிஃப்ட் முழுக்கச் சுவாசிக்கிறார், பெரும்பாலும் முகக்கவசம்கூட இல்லாமல். டேங்குக்குள் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் அங்கிருந்த ஒரு லிட்டர் ஆவியை வெளியே தள்ளுகிறது. ‘டக்’ என்று நின்ற பிறகும் ரவுண்டாக்கச் சொன்னால், மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்க அவர் அந்த வாய்க்கு நேராகக் குனிகிறார். கரி டப்பாவை விடுங்கள். ரவுண்டு வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதற்கு முதல் காரணம் அவருடைய நுரையீரல்தான். காசு கொடுப்பவர் நாம், நாம் ‘போதும்’ என்றால் அவர் நிறுத்துவார். ஆவியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் நாசில்களை எல்லாப் பங்க்குகளிலும் மாட்ட வேண்டியது எண்ணெய் நிறுவனங்களின் கடமை. அதுவரை நம் கையில் இருப்பது அந்த ஒரு சொல்.

கேள்வி: மூடியை எவ்வளவு இறுக்க வேண்டும்? (பழனி)

பதில்: ‘கிளிக்’ சத்தம் வரும் வரை. அதற்கு மேல் பலம் காட்டினால் ரப்பர் வளையம்தான் தேயும்.

கேள்வி: டீசல் காரில் தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டால்? (ஓசூர்)

பதில்: ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியை ‘ஆன்’ வரைகூடத் திருப்பாதீர்கள். பல கார்களில் அப்போதே டேங்கிலுள்ள பம்ப் ஓடத் தொடங்கிவிடும். டீசலே அடுத்துள்ள உயரழுத்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகு. பெட்ரோல் உள்ளே போனால் உலோகம் உலோகத்தோடு உரசும். வண்டியைத் தள்ளி ஓரம்கட்டி, மெக்கானிக்கை வரவழைத்து டேங்கை முழுதாக வடிக்கச் சொல்லுங்கள். இது நடக்காமல் இருக்க, மூடி திறந்ததும் காரிலிருந்து இறங்கி நின்று நாசிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பம்பில் ஜீரோவையும் அங்கே நின்றபடியே பார்த்துவிடலாம்.